‘உயிர்ப் பிளாஸ்டிக்’ வேண்டாம்; ‘தாவரவழிப் பல்பகுதியம்’ என்போம்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

கரும்பு, சோளம், ஆமணக்கு போன்று மீண்டும் மீண்டும் விளைவிக்கக்கூடிய தாவரப் பொருள்களிலிருந்து ஆக்கப்படும் பல்பகுதியங்களுக்கு, அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து உருவாகும் பொலிமர்களுக்கு, ‘உயிர்ப் பிளாஸ்டிக்’, ‘உயிரிநெகிழி’ ஆகிய சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. பொருள் எதிலிருந்து வந்தது என்பதையும், அது நுண்ணுயிர்களால் உக்கிப்போகுமா (மக்குமா) என்பதையும் ‘உயிர்’ என்னும் முன்னொட்டு ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தின் விளைவை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தவறணைக்கு (நாற்றுமேடைக்கு) சில ஆண்டுகளுக்கு முன்னர் ‘உயிர்ப் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட பைகள் வந்தன. வழக்கமான பொலித்தீன் பையென்றால், அதைக் கீறி உருவிய பிறகுதான் தேயிலைக் கன்றைக் குழியில் வைப்பார்கள். இந்தப் பைகளை எவரும் கீறவில்லை. உயிர்ப் பொருள்தானே, மண்ணில் உக்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அடுத்த வறட்சியில் அந்த வரிசைகளே முதலில் வாடின. ஒரு செடியைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது, பை கசங்கியிருந்ததே தவிர அதன்மேலிருந்த எழுத்துக்கூட அழிந்திருக்கவில்லை. வெளியேற இடமில்லாத வேர்கள் அடியில் சும்மாடுபோலச் சுருண்டு இறுகிக் கிடந்தன.

அந்தப் பை கரும்பிலிருந்து பெற்ற எதனோலால் ஆன பொலித்தீன். எதனோலிலிருந்து நீரை அகற்றினால் எதிலீன் கிடைக்கும். எதிலீனைப் பல்பகுதியமாக்கினால் பொலித்தீன். பிரேசிலில் 2010 முதல் இது பெருமளவில் உற்பத்தியாகிறது. பெற்றோலியத்திலிருந்து வரும் பொலித்தீனுக்கும் இதற்கும் மூலக்கூற்று அமைப்பில் வேறுபாடு இல்லை என்பதால், மண்ணில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். இதற்கு நேர்மாறாக, பெற்றோலியத்திலிருந்து ஆக்கப்பட்டும் உக்கக்கூடிய பொலியெஸ்தர்கள் இருக்கின்றன. சோள மாப்பொருளை நொதிக்கவைத்துப் பெறும் பொலிலக்றிக் அமிலம் தாவரத்திலிருந்து வருவது, உக்கவும் கூடியது. ஆயினும் அது விரைவாக உக்குவதற்கு 60 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் நிலைத்திருக்கும் கூட்டெருச் சாலை வேண்டும். எங்கள் மலைச்சரிவின் குளிர்ந்த மண்ணில் அந்த வெப்பம் ஏது?

‘பசும் பல்பகுதியம்’ என்பது பாராட்டே அன்றிப் பெயர் ஆகாது, அதை விட்டுவிடலாம். ‘இயற்கைப் பல்பகுதியம்’ என்பதோ ஏற்கெனவே இறப்பருக்கும் செலுலோசுக்கும் உரிய பெயர். பால் வெட்டும்போது மரத்திலிருந்து வடிவதிலேயே பல்பகுதியம் இருக்கிறது. கரும்பில் பொலித்தீன் இல்லை, அதை நாம்தான் ஆக்குகிறோம். இந்த வேறுபாட்டை இழக்கக்கூடாது.

முதலில் நான் ‘தாவரமூல’ என்று எழுதிவந்தேன். இலங்கைப் பாடநூல்களில் ‘மூலகம்’ (தனிமம்), ‘மூலக்கூறு’ ஆகியவை அருகருகே வருகின்றன. ‘தாவரமூலக் கூறு’ என்று எழுதினால் மாணவர் அதைத் ‘தாவர மூலக்கூறு’ என்றே படிப்பார். அதனால் ‘தாவரவழி’ என்பதை முன்வைக்கிறேன். தாய்வழி உறவு, தந்தைவழிச் சொத்து என்று சொல்லும்போது நாம் வந்த வழியை மட்டுமே சொல்கிறோம். உறவு நல்லதா, சொத்து நிலைக்குமா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. நமக்கு இங்கு வேண்டியதும் அந்த அடக்கமே. ‘பெற்றோலியவழி’ என்று இணைச்சொல்லும் உடனே கிடைக்கிறது. தாவரவழி எதிலீன், தாவரவழி நைலோன் என்று தடையின்றி விரிகிறது; ஆமணக்கெண்ணெயிலிருந்து வரும் நைலோன் 11-க்கு இப்பெயர் நன்றாகப் பொருந்தும்.

அளவைச் சொல்லவும் இது உதவும். குடிநீர்ப் போத்தல்கள் செய்யும் பெற் (PET) என்னும் பொலியெஸ்தரின் இரு கூறுகளில் ஒன்றான கிளைக்கோல் பகுதி மட்டும் கரும்பிலிருந்து வந்தால், எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தாவரவழியாகும். ஆனால் சங்கிலியில் மீண்டும் மீண்டும் வரும் அலகின் 10 காபன் அணுக்களில் இரண்டே கிளைக்கோலிலிருந்து வருவதால், தாவரக் காபனைப் பெற்றோலியக் காபனிலிருந்து பிரித்தறியும் காபன் 14 சோதனை 20 சதவீதம் என்றே காட்டும். இதனை ‘தாவரவழிக் காபன் 20%’ என்று ஐயமின்றி எழுதலாம். ‘20% உயிர்ப் பிளாஸ்டிக்’ என்றால் எவருக்கும் எதுவும் விளங்காது.

‘பல்பகுதியம்’ எங்கள் பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘தாவரவழிப் பலபடி’ என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. அவர்களின் ‘மக்கும்’, எங்களின் ‘உக்கும்’ இரண்டும் அவ்வாறே. நான் வற்புறுத்துவது, வழியும் உக்குதலும் இரு தனிச் சொற்களாக நிற்கவேண்டும் என்பதையே. அப்படி நின்றிருந்தால் அந்தப் பையின்மேல் ‘தாவரவழிப் பொலித்தீன், உக்காது, நடுமுன் கீறி அகற்றவும்’ என்று அச்சிட்டிருக்க முடியும்.