மறு: ‘மென்டல் லோட்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

வெண்ணாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டு வேலைப் பகிர்வு பற்றிய அத்தியாயத்தில் ‘மென்டல் லோட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சமைப்பதும் துவைப்பதும் அல்ல இது. சிலிண்டர் எப்போது தீரும், பிள்ளைக்குத் தடுப்பூசி என்றைக்கு, மாமியாரின் மாத்திரை எத்தனை மிச்சம் என்று ஒருத்தியின் தலைக்குள் ஓயாமல் ஓடுகிற வேலை. பிரான்சில் சமூகவியலாளர்கள் எண்பதுகளிலேயே பேசியதுதான். 2017இல் எம்மா என்ற ஓவியர் வரைந்த படக்கதைக்குப் பிறகு ஊரெல்லாம் பரவியது. ‘சொல்லியிருந்தால் செய்திருப்பேனே’ என்று கணவன் சொல்வதுதான் அதன் கரு. சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வேலை அல்லவா?

இப்போதைக்கு ‘மனச்சுமை’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் படிப்பவர்கள் துக்கம், கவலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உதவுங்கள்.

பழையாறு எழுதியது:

எங்கள் நாஞ்சில் பக்கத்தில் நினைவை ‘ஓர்மை’ என்போம். ‘ஓர்மைச்சுமை’ என்றால் கவலை என்ற பொருள் வராது. ஓர்தல் என்றால் ஆராய்ந்து உணர்தல். நினைவு வைப்பது, முன்கூட்டித் திட்டமிடுவது இரண்டும் அதற்குள் அடங்கும்.

பொருநை எழுதியது:

அன்புள்ள வெண்ணாறு, பிரெஞ்சு மூலச்சொல்லைப் பாருங்கள்: ‘ஷார்ஜ் மான்டால்’. ஷார்ஜ் என்பதற்குச் சுமை என்றும் பொருள், பொறுப்பு என்றும் பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது சுமை மட்டும் தங்கிவிட்டது. தமிழில் இரண்டையும் தாங்கும் ஒரே வேர் இருக்கிறது: பொறு. அதிலிருந்து பொறை, பொறுப்பு. பொறை என்றாலே சுமைதான். கருவையும் பொறை என்பார்கள். பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளைப்பேறு. ஆகவே ‘நினைபொறை’. வினைத்தொகையாக நிற்பதால் நினைத்த, நினைக்கிற, நினைக்கும் பொறை என முக்காலமும் அடங்கும். முடிவே இல்லாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது? ‘மனப்பாரம்’ என்று யாரும் தொடங்க வேண்டாம். பாரம் வடசொல்.

கரிசல் எழுதியது:

பொருநை ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனால் பொறு என்றதும் பொறுமையும் கூடவே வந்துவிடும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்பது பொறையுடைமை அதிகாரத்தின் முதல் குறள். வள்ளுவர் அதை எல்லாருக்கும் சொன்னார். நம் வீடுகளும் சினிமாவும் அதைப் பெண்ணிடம் மட்டும் கேட்டன. ‘பூமாதேவி மாதிரி பொறுத்துக்கோ’ என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் உன் வேலைக்குப் பெயர் பொறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘சுமை’யிலும் எனக்கு இதே தடைதான். சுமை என்றால் தலையெழுத்து என்று கேட்கும். மிஞ்சிப் போனால் ஒரு கை பிடித்து இறக்கிவிடுவார்கள், அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும். குழுக் கூட்டங்களில் பெண்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ‘எல்லாத்தையும் நான்தான் நெனச்சிக்கிட்டே இருக்கணும்.’ வினை அங்கேயே இருக்கிறது. ‘நினைப்பு வேலை’ என்று வையுங்கள்.

வைகை எழுதியது:

சட்டப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் மனைவியை மேலாளர் என்கிறார் நீதிபதி: திட்டமிடுகிறார், ஒழுங்குபடுத்துகிறார், வரவுசெலவு போடுகிறார். நாம் தேடும் பொருள் அதுவேதான். ‘இல்ல நிர்வாகம்’ என்றால் மதிப்பும் கூடும். பொருநை ஐயாவுக்காக ‘மனைமேலாண்மை’ என்றும் சொல்லலாம்.

கரிசல் எழுதியது:

வைகை, அந்தத் தீர்ப்பைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கடைசி நாள் எது என்று நினைவில் வைத்திருக்கிறவளுக்கு, பணத்தை எடுக்கும் உரிமை பல வீடுகளில் இல்லை.

பொருநை எழுதியது:

பொறுமைதான் தடை என்றால், சங்க இலக்கியத்துக்கே போவோம். குறுந்தொகை 167, கூடலூர் கிழார். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, ‘தான்துழந் தட்ட தீம்புளிப் பாகர்’, அதாவது மனைவி தானே அட்ட, சமைத்த, இனிய புளிக்குழம்பு. துழந்து என்பதற்குத் துழாவி என்பது உரை. எனக்கோ, உழத்தல் என்ற வினையோடு இதற்கு உறவு இருக்குமோ என்று வெகுநாளாக ஓர் எண்ணம். அப்படியானால் வருந்தி உழைத்து அட்ட குழம்பு. ‘உளத்துழப்பு’ என்றொரு சொல் கட்டலாம்.

பழையாறு எழுதியது:

ஐயா, துழாவு, துடுப்பு, துளை என்று ஒரு வரிசையே இருக்கும்போது உழத்தலுக்கு ஏன் போக வேண்டும்? தகர மெய் முன்னால் எப்படி வந்தது?

வெண்ணாறு எழுதியது:

எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டை விட முடியவில்லை. அது, மகளின் புது வீட்டுக்குப் போன செவிலித்தாய் கண்டுவந்து பெற்ற தாயிடம் சொல்லும் பாட்டு. ‘இனிது’ என்று கணவன் உண்டான், அவள் முகம் நுண்ணிதாய் மகிழ்ந்தது என்று முடிகிறது. விரலும் புகையும் புளியும் பாட்டில் வந்துவிட்டன. கட்டித் தயிர் வேண்டும் என்றால் முதல்நாளே பாலைக் காய்ச்சி உறை ஊற்றியிருக்க வேண்டும். புளி தீர்வதற்குமுன் பார்த்திருக்க வேண்டும். அது பாட்டில் இல்லை. கையால் செய்யும் வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த புலவரின் கண்ணுக்கே அது படவில்லை.

கணக்கெடுப்பும் அப்படித்தான். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் 289, 88. அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதும் குறிப்பு அது. பாத்திரம் துலக்கிக்கொண்டே நாளைய டிபனை யோசிப்பது பாத்திரக் கணக்கில்தான் சேரும். எனவே கரிசல் அக்கா சொல்கிற ‘வேலை’ என்ற பகுதி எனக்குப் பிடித்துவிட்டது. ‘நினைப்பு’தான் இடிக்கிறது. ‘அவளுக்குப் பெரிய நினைப்பு’ என்று திமிரைக் குறிக்கவும் அதே சொல்தானே?

கரிசல் எழுதியது:

‘வேலை’ கூட வந்தால் அந்தப் பொருள் ஒதுங்கிவிடும். பெயர் முக்கியமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அரசு அதை உதவித்தொகை என்று சொல்லவில்லை, மகளிர் உரிமைத் தொகை என்றது. தொகை போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் ‘உதவி’ என்று சொல்லிப் பாருங்கள், கை நீட்டி வாங்கியது போல் ஆகிவிடும்.

வைகை எழுதியது:

‘நினைவு வேலை’ என்றால் திமிர்ப் பொருள் போய்விடுமே?

பழையாறு எழுதியது:

நினைவு என்றால் நடந்துபோனதை நினைப்பது. இங்கே வரப்போவதை அல்லவா நினைக்கிறோம். ஓர்மைக்கு யாருமே ஓட்டுப் போடவில்லை என்று தெரிகிறது. சரி, நினைப்பு வேலைக்கே என் கையும்.

வெண்ணாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ‘நினைப்பு வேலை’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் ‘மென்டல் லோட்’ என்ற பெயரும் இருக்கும். அப்புறம் அடுத்த அத்தியாயத்தில் ‘எமோஷனல் லேபர்’ வருகிறது. இழை தனியாகத் தொடங்குகிறேன்.

பொருநை எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. நினைத்து முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் அது தவறிப்போனால் ஏச்சு யாருக்கு? அந்தப் பொறுப்பு ‘நினைப்பு வேலை’யில் எங்கே இருக்கிறது? இரண்டாம் பதிப்பு வரும்போது கேட்பேன்.