விளக்கு இல்லாத கால்குலேட்டரை லிசே பிள்ளைங்க தலையில கட்டாதீங்க

முத்தியால்பேட்டை அப்பா:
நேத்து இன்னொரு இழையில "சண்டே சந்தை ராஜா" எழுதியிருந்தார்: "அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர், 4,500 ரூபாய். வரைபடம் போடுற எந்தக் கால்குலேட்டரும் பக்கலோரேயாவுக்குப் போதும். புதுசு வாங்குறவங்க காசைக் கடல்ல கொட்டுறாங்க." அதைப் படிச்சதிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கல. பக்கலோரேயான்னா லிசேவோட, அதாவது எங்க புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியோட, கடைசிப் பரீட்சை.

எந்தக் கால்குலேட்டரும் போதாது. பிரெஞ்சுப் பரீட்சையில கால்குலேட்டரைத் தேர்வு நிலையில போட்டுத்தான் உட்காரணும். போட்டா சேர்த்து வச்ச நிரல், குறிப்பு எதுவும் எட்டாது. தலைப்பக்கம் ஒரு குட்டி விளக்கு மினுக்கும். கண்காணிப்பாளர் நடந்துகிட்டே அந்த விளக்கைத்தான் பார்ப்பார். அமெரிக்க டிஐ-84 பிளஸ்ல அந்த விளக்கே கிடையாது. பழசு வாங்குங்க, தப்பில்ல. ஆனா முதல்ல விளக்கு இருக்கான்னு பாருங்க.

சண்டே சந்தை ராஜா:
வந்துட்டாருய்யா விளக்கு வியாபாரி. சார், டிஐ-84லயும் தேர்வு நிலை இருக்கு. இடது அம்பு, வலது அம்பு, ஆன், மூணையும் சேர்த்து அழுத்திப் பாருங்க. அப்புறம், கேள்வித்தாளோட முதல் பக்கத்துல ரெண்டு வரி இருக்கே, நீங்க முதல் வரியை மட்டும் படிச்சீங்களா? ரெண்டாவது வரி: நினைவகம் இல்லாத, "காலேஜ் வகை" கால்குலேட்டருக்கு அனுமதி. காலேஜ்ல பசங்க என்ன வச்சிருக்காங்க? டிஐ-84தானே? அப்புறம் என்ன விளக்கு?

முத்தியால்பேட்டை அப்பா:
தம்பி, அது காலேஜ் இல்ல, கொலேஜ். பிரான்சுல கொலேஜ்னா பதினோரு வயசுல ஆரம்பிக்கிற நாலு வருஷப் பள்ளி. அது முடிஞ்சு ப்ரெவேன்னு ஒரு பரீட்சை எழுதிட்டுத்தான் லிசேவுக்கு வருவாங்க. "கொலேஜ் வகை"ன்னா அந்தச் சின்னப் பசங்க வச்சிருக்கிற சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர், காசியோ எஃப்எக்ஸ்-92 மாதிரி. வரைபடமே போடாது. நீங்க விக்கிறதுல 480 கேபி சேமிப்பு இருக்கு. அது எப்படி நினைவகம் இல்லாததாகும்?

சண்டே சந்தை ராஜா:
கொலேஜோ காலேஜோ, எழுத்து ஒண்ணுதானே? டிஐ தயாரிக்கிற டெக்சாஸ் கம்பெனியே "டிஐ-காலேஜ் பிளஸ்"னு பேர் போட்டு விக்கிறான். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

முத்தியால்பேட்டை அப்பா:
அந்த டிஐ-கொலேஜ் பிளஸ்சும் சின்னப் பசங்களோட சயின்டிஃபிக்தான். உங்க வாயாலயே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்றீங்க. எங்க தாத்தா இந்தோசீனாவுல சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் படை வீரரா, இருந்தவர். நான் சோறு தின்னு வளர்ந்ததே அவர் பென்ஷன்ல. கொலேஜுக்கு அர்த்தம் நீங்க எனக்குச் சொல்ல வேணாம்.

சண்டே சந்தை ராஜா:
தாத்தா துப்பாக்கி தூக்கினா பேரனுக்குக் கால்குலேட்டர் தெரிஞ்சிடுமா?

கெடிலக்கரை டியூஷன்:
ரெண்டு பேரும் வெட்டியா கத்துறீங்க. 22 வருஷமா கடலூர் திருப்பாப்புலியூர்ல கணக்கு சொல்லித் தர்றேன். எங்க பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில கால்குலேட்டரே கிடையாது. பத்தாம் வகுப்புல வரைபடத்துக்கு 8 மார்க், அட்டவணை போட்டு, புள்ளி வச்சு, பென்சிலால இழுக்கணும். கை நடுங்காம பரவளையம் வரையுற பையனுக்கு வாழ்நாள் முழுக்க அதோட உருவம் மறக்காது. பட்டனைத் தட்டி வரையுறவனுக்கு என்ன தெரியும்? லிசேவுலயும் 2026 ஜூன்லேர்ந்து ப்ரெமியேர், அதாவது கடைசிக்கு முந்தின வருஷப் பசங்களுக்குக் கால்குலேட்டர் இல்லாத கணக்குப் பரீட்சை வருது. பிரெஞ்சுக்காரனே எங்க வழிக்கு வந்துட்டான்.

வில்லியனூர் மாணவி:
வணக்கம். நான் வர்ற வருஷம் தெர்மினால், லிசேவோட கடைசி வருஷம். சீனியர் அக்கா ஒருத்தங்க காசியோ கிராஃப் 35 பிளஸ் ஈ 3,000 ரூபாய்க்குத் தர்றேன்றாங்க. பின்னாடி செல் மூடி மட்டும் உடைஞ்சிருக்கு. வாங்கலாமா?

முத்தியால்பேட்டை அப்பா:
டியூஷன் சார், ப்ரெமியேர் பரீட்சை வேற, தெர்மினால்ல ஸ்பெஷாலிட்டேயா, அதாவது சிறப்புப் பாடமா, கணக்கு எடுக்கிற பசங்க எழுதுற பரீட்சை வேற. அதுல விளக்கு எரியுற கால்குலேட்டர் வேணும். 1826லிருந்து லிசே நடக்கிற ஊர் இது. கடலூர்ல உட்கார்ந்துகிட்டு எங்க பிள்ளைங்களுக்குப் பென்சில் போதும்னு தீர்ப்பு சொல்லாதீங்க.

கெடிலக்கரை டியூஷன்:
கடலூர்ன்னா இளப்பமா போச்சா? உங்க ஊருக்குப் பிரெஞ்சுக்காரன் வந்து இறங்குறதுக்கு முன்னாடியே எங்க தேவனாம்பட்டினத்துல கோட்டை இருந்தது. உங்க ஊர்ப் பசங்க எத்தனை பேர் ஆறு மணி பஸ் பிடிச்சு எங்கிட்ட டியூஷனுக்கு வர்றாங்கன்னு தெரியுமா?

சண்டே சந்தை ராஜா:
டியூஷன் சார், பெட்ரோல் போட நீங்க எங்க புதுச்சேரி எல்லையில இருக்கிற கன்னியகோயிலுக்கு வர்றீங்கள்ல, அதையும் சொல்லுங்க.

கெடிலக்கரை டியூஷன்:
பெட்ரோலுக்கும் பரவளையத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுல நிரல் எழுதுற கால்குலேட்டரை உள்ளயே விடமாட்டாங்க. எங்க இன்ஜினியர் பசங்க காசியோ எஃப்எக்ஸ்-991ஐ வச்சே மேட்ரிக்ஸ் போட்டு அமெரிக்கா போனாங்க. அங்க போய் வாங்கின டிஐயைத்தான் நீ இப்ப காந்தி வீதியில விரிச்சு வச்சிருக்க.

டூமா வீதி அக்கா:
கொலேஜ் விஷயத்துல முத்தியால்பேட்டை அண்ணன் சொல்றது சரி. ஆனா அண்ணே, டிஐ-84ல விளக்கே கிடையாதுன்னு எழுதாதீங்க. ஐரோப்பாவுக்குன்னு வந்த டிஐ-84 பிளஸ் சிஇ-டில விளக்கு இருக்கு. பிரான்சுக்கு வந்த டிஐ-83 பிரீமியம் சிஇலயும் இருக்கு. அமெரிக்காவுல விக்கிற சிஇலதான் இல்ல.

முத்தியால்பேட்டை அப்பா:
நான் "அமெரிக்க டிஐ-84 பிளஸ்"னு தெளிவாத்தான் எழுதியிருக்கேன். மேல போய் மறுபடி படிங்க அக்கா. ராஜா விக்கிறது சிஇ-டி இல்ல.

டூமா வீதி அக்கா:
படிச்சிட்டுத்தான் எழுதினேன். தலைப்புல நீங்க அமெரிக்கான்னு போடல.

முத்தியால்பேட்டை அப்பா:
தலைப்புல டிஐன்னே போடலையே அக்கா!

சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, சொல்லிடுறேன். போன தீபாவளிக்கு முன்னாடி இதே ராஜாகிட்ட என் பொண்ணுக்கு ஒண்ணு வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், கம்பெனி மேல தப்பில்ல. 3,800 கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தா, நாலு டிரிபிள் ஏ செல்லு போடுற இடத்துல, அந்தச் சுருள் கம்பி முழுக்கப் பச்சையா பூத்திருக்கு. வருஷக்கணக்கா செல்லை எடுக்காம விட்டதுல ஒழுகிக் காய்ஞ்சு போன உப்பு. காது குடையுற பஞ்சுக்குச்சியில வினிகர் தொட்டுத் தேய்ச்சேன், அப்புறம் உப்புத்தாள். ஒரு மணி நேரம். ஒரு வழியா உயிர் வந்தது.

பொண்ணு எக்ஸ் ஸ்கொயர் அடிச்சா. பரவளையம் வந்தது. ஆனா நடுவுல ரெண்டு செங்குத்து வரிசை மட்டும் வெள்ளையா இருந்தது. ஒய் அச்சும் காணோம், வளைவோட உச்சியும் காணோம். ரெண்டு கை மட்டும் ஆகாசத்துல தொங்குது. "அப்பா, இதுக்கு உச்சியே இல்லையா?"ன்னு கேட்டா. திரைக்குப் போற நாடா சூட்டுல ஒட்டு விட்டுப் போச்சு. கட்டை விரலால திரை ஓரத்தை அமுக்கினா கோடு வரும், விட்டா போயிடும். நாலு மணி நேரப் பரீட்சையில பிள்ளை எழுதுமா, அமுக்கிப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்குமா?

இவ்வளவுக்கும் மேல, அதுல விளக்கு இல்ல.

சண்டே சந்தை ராஜா:
ஆஹா, இதுதான் விஷயமா? அன்னைக்கு என் கண்ணு முன்னாடியே செல் போட்டுப் பார்த்துத்தானே வாங்கினீங்க? 5,000 சொன்னதை 3,800க்குக் கொண்டு வந்தது யாரு? விலை பேசும்போது விளக்கு ஞாபகம் வரல, இப்ப வருதா?

முத்தியால்பேட்டை அப்பா:
நீங்க கொண்டு வந்த செல்லைப் போட்டு, நீங்களே கையில பிடிச்சு, வெயில்ல காட்டினீங்க. கட்டை விரல் எங்க இருந்ததுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

சண்டே சந்தை ராஜா:
வார்த்தையை அளந்து பேசுங்க. பதினஞ்சு வருஷமா சந்தையில பாய் விரிக்கிறேன். ஏமாத்துக்காரன்னு ஒருத்தர் சொன்னதில்ல.

கெடிலக்கரை டியூஷன்:
உச்சி இல்லாத பரவளையம்! இதுக்குத்தான் பென்சில்னு சொன்னேன். பென்சிலுக்கு நாடா விட்டுப் போகுமா?

தேவனாம்பட்டினம் அலை:
எதுக்கு இவ்ளோ சண்டை? போன்ல டெஸ்மோஸ்னு வரைபடம் போடுற ஆப் இலவசம். அமெரிக்கக் கல்லூரியில சேர எழுதுற டிஜிட்டல் எஸ்ஏடி பரீட்சையிலயே அதைச் சேர்த்துட்டாங்க.

முத்தியால்பேட்டை அப்பா:
போனை ஹாலுக்குள்ள கொண்டு போக முடியுமா தம்பி? வீட்டுல படிக்க டெஸ்மோஸ் நல்லா இருக்கும், நானும் போட்டுக் கொடுத்திருக்கேன். ஆனா பரீட்சைக்கு முதல் நாளாவது விரல் அந்தப் பட்டன்கள்ல பழகியிருக்கணும். டிஐ-83 பிரீமியம்ல "ஃபெனேத்ரு"ன்னு பிரெஞ்சுல இருக்கும், அமெரிக்க மாடல்ல "விண்டோ"ன்னு இருக்கும். வகுப்புல ஆசிரியர் ஒண்ணு சொல்வார், பிள்ளை கையில வேற ஒண்ணு இருக்கும்.

வில்லியனூர் மாணவி:
அங்கிள், அந்த கிராஃப் 35 பிளஸ் ஈ பத்திக் கேட்டேனே. விளக்கு எரியுது. மூடிதான் உடைஞ்சிருக்கு.

சண்டே சந்தை ராஜா:
பாப்பா, மூடி எங்கிட்ட தனியா இருக்கு, 150 ரூபாய்.

முத்தியால்பேட்டை அப்பா:
அம்மா, மூடி இவர்கிட்ட வாங்காத. கிராஃப் 35 பிளஸ்னு ரெண்டு விதம் உண்டு. கடைசியில "ஈ" இருந்தாத்தான் விளக்கு. அட்டைப் பெட்டியில இருக்கிற "ஈ" எழுத்தைப் பார்க்காத, கால்குலேட்டர் மேலயே இருக்கான்னு பாரு. விளக்கு எரியுதுன்னா தேர்வு நிலைக்குப் போய்ப் பார்த்தியா, இல்ல அக்கா சொன்னாங்களா? திரும்பி வெளிய வர்றதுக்குக் கம்ப்யூட்டர்ல கேபிள் போடலாம், அந்தக் கேபிளையும் கேட்டு வாங்கிக்க. செல் வைக்கிற சுருளைப் பாரு. எக்ஸ் ஸ்கொயர் அடிச்சு நடுவுல பாரு.

டூமா வீதி அக்கா:
அண்ணே, பிள்ளை கேட்டது வாங்கலாமா வேணாமான்னு.

முத்தியால்பேட்டை அப்பா:
அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்.

சண்டே சந்தை ராஜா:
ஒண்ணு மட்டும் சொல்றேன். காலேஜ் வகைன்னு தாள்ல அச்சடிச்சிருக்கு. அச்சடிச்சதை யாராலும் மாத்த முடியாது. இந்த ஞாயிறு காலையில எட்டு மணிக்கு காந்தி வீதியில இருப்பேன். முத்தியால்பேட்டை சார் தைரியம் இருந்தா தாளோட வரட்டும்.

முத்தியால்பேட்டை அப்பா:
கொலேஜ். கொ-லேஜ். தாளோடயும் வர்றேன், அந்த 3,800 ரூபா டப்பாவோடயும் வர்றேன். பத்து பேர் முன்னாடி நீங்களே ஆன் பண்ணி, விளக்கு எங்கன்னு காட்டுங்க.