குழந்தை தவழும் வீட்டில் பூச்சிக்கு எந்தப் பொடியைத் தூவலாம்?

கேள்வி: மொட்டைமாடித் தோட்டம், மதுரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பதினான்கு மாதக் குழந்தை இருக்கிறது. தரையில் கிடப்பது எதுவானாலும் எடுத்து வாயில் வைக்கும் வயது என்பதால், கடையில் விற்கும் பூச்சிக்கொல்லித் தெளிப்பான்களை நிறுத்திவிட்டு இயற்கைப் பொடிகளுக்கு மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் ஆளுக்கு ஒரு பொடியைச் சொல்வதால் குழப்பமே மிஞ்சியிருக்கிறது.

சமையலறையில் இரவு விளக்கைப் போட்டால் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலிருந்து கரப்பான்கள் ஓடுகின்றன. ஊரிலிருந்து வந்த முழுப் பச்சைப் பயறிலும் தட்டைப் பயறிலும் இரண்டே மாதத்தில் வண்டு விழுந்துவிட்டது. மாடியில் வளர்ப்புப் பைகளில் வைத்திருக்கும் அவரையின் கொழுந்து முழுவதும் கறுப்பாக அசுவினி மொய்த்திருக்கிறது. கத்தரியில் வெள்ளை மாவுப்பூச்சியும், அதைச் சுற்றி எறும்புச் சாரையும். மாமியார் அடுப்புச் சாம்பலும் வசம்புத் தூளும் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா போரிக் பவுடரைச் சொல்கிறார். கடைக்காரர் ஒருவர், உள்ளடக்கம் எதுவும் அச்சிடப்படாத உறையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, "இது மண், சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது" என்றார். இவற்றுள் எதை எங்கே, எந்த அளவில் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பூச்சியியல் ஆசிரியர், கோவை

வணக்கம் அம்மா. முதலில் அந்தப் பெயரில்லா உறையை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். கடைக்காரர் சொன்னது டயட்டோமேசியஸ் எர்த் எனப்படும் டயட்டம் மண்ணாக இருக்கலாம். டயட்டம் என்பது நீரில் வாழும் நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. பல இலட்சம் ஆண்டுகளாக நீரடியில் படிந்த அந்த ஓடுகளை வெட்டியெடுத்து மாவாக அரைத்ததுதான் இந்தப் பொடி. இதில் இரண்டு தரங்கள் உண்டு. உணவுத் தரத்தில் இருப்பது பெரும்பாலும் படிகமற்ற சிலிக்கா. நீச்சல் குளங்களின் வடிகட்டிகளுக்காகச் சூளையில் சுட்டுத் தயாரிக்கும் தரத்தில் படிகச் சிலிக்கா மிகுதியாக இருக்கும். அதைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் நுரையீரல் நிலையாகக் கெடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது என்பதால், தரம் அச்சிடப்படாத பொடியை வாங்கவே கூடாது.

இது நஞ்சாக வேலை செய்வதில்லை. பூச்சியின் மேல்தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான். பூச்சி பொடியின் மீது நடக்கும்போது துகள்கள் ஒட்டிக்கொண்டு அந்த மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் நீக்கிவிட, பூச்சி நீரிழந்து சாகிறது. இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். பொடி ஈரப்பட்டால் உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். ஆகவே தொட்டியின் அடியில் தண்ணீர் சொட்டும் இடத்தில் தூவுவதால் பயனில்லை, முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பூச்சி உடனே சாகாது, சில நாட்கள் பிடிக்கும். குவியலாகக் கொட்டினால் கரப்பான் அதைச் சுற்றிப் போய்விடும். பல நாள் தொடாத புத்தகத்தின் மேல் படிந்த தூசி போல, இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அலமாரிக் கீல்களின் இடுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், சுவரும் பலகையும் சேரும் வெடிப்பு ஆகியவை தகுந்த இடங்கள். குழந்தை தவழும் திறந்த தரையில் உணவுத் தரப் பொடியையும் தூவாதீர்கள். அது நஞ்சு என்பதால் அன்று. எந்த நுண்தூளும் குழந்தையின் மூச்சுக்குள் போகக் கூடாது. தூவும் நேரத்தில் குழந்தையை வேறு அறையில் வைத்துவிட்டு, நீங்கள் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

மாடிக்கு வருகிறேன். இந்தப் பொடி பூச்சிகளில் நல்லது கெட்டது பார்க்காது. பூவில் விழுந்தால் தேனீயும் சாகும், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டின் புழுவும் சாகும். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது நான் இங்கேதான் இருந்தேன். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெள்ளையடித்தது போல் ஆயிற்று. மருந்தடித்தவர்கள் மீண்டும் மீண்டும் அடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அதிலிருந்து, செடி முழுவதும் பொடி தூவும் வழக்கத்தை யார் சொன்னாலும் நான் மறுத்துவருகிறேன். உங்கள் கத்தரியில் முதலில் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருந்து, இயற்கை எதிரிகளை விரட்டுகிறது. பையைச் சுற்றி உலர்ந்த தரையில் டயட்டம் மண்ணை ஒரு கோடாக இட்டால் எறும்பு வரத்துக் குறையும். மாவுப்பூச்சியை மட்டும் பொடியால் வெல்வது கடினம், அதன் உடலைச் சுற்றியே மெழுகுத் தூள் இருக்கிறது. சோப்புக் கரைசலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவதே சிறந்தது.

மறுமொழி 2: அவரைப் பந்தல், ஒட்டன்சத்திரம்

ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனாலும் சாம்பலைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம், சகோதரி. எங்கள் பந்தலில் அவரைக்கு அசுவினி விழுந்தால் இன்றைக்கும் சாம்பல்தான். விறகடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, அந்தத் துணியிலேயே தளர்வாக முடிந்துகொண்டு, விடியற்காலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போது பாதிக்கப்பட்ட கொழுந்துகளின் மேல் மட்டும் தட்டிவிட வேண்டும். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறியதும் காய்ந்து தன் வேலையைச் செய்யும். பூத்த சரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மறுபடியும் தட்ட வேண்டியதுதான்.

சாம்பலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குப்பை, நெகிழி, வண்ணம் பூசிய பலகை, பிளைவுட் ஆகியவற்றை எரித்த சாம்பல் சமையல் தோட்டத்துக்கு ஆகாது. வெறும் விறகோ தேங்காய் மட்டையோ எரித்ததாக இருக்க வேண்டும். அடுத்தது, சாம்பல் காரத்தன்மை உடையது. நிலத்தில் அள்ளிக் கொட்டினால்கூட ஓரளவு தாங்கும். சிறிய வளர்ப்புப் பையில் அடிக்கடி போட்டால் மண்ணின் காரம் ஏறி, இலை வெளுத்துச் செடி சத்தை எடுக்க முடியாமல் நின்றுவிடும். என் மகள் நகரத்தில் வைத்திருந்த தக்காளித் தொட்டிகளை அளவுமீறிப் போட்ட சாம்பலே கெடுத்தது. அந்த மண்ணை மாற்றித்தான் அடுத்த நாற்றை வைத்தோம்.

எனக்குச் சாம்பலைவிட வேப்பமுத்தின் மீதே நம்பிக்கை அதிகம். ஆனியிலும் ஆடியிலும் உதிரும் பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்கு உட்பட்ட முத்தே நல்ல வீரியம் தரும். ஓட்டை நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லிட்டருக்கு ஐம்பது கிராம் கணக்கில் துணியில் கட்டி இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் பால் போல் இறங்கும். வயலுக்கு நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ என்று சொல்லும் ஐந்து விழுக்காட்டுக் கரைசலும் இதே கணக்குதான். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் காலையில் அடித்தால் பாதி வீணாகும். அன்றைக்கே பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேம்பு பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் செய்கிறது. ஒரு வாரம் பொறுத்துத்தான் வித்தியாசம் தெரியும். வேப்பிலையைக் காயவைத்துப் பொடித்துத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். இலையில் அந்தச் சத்து மிகக் குறைவு, முத்தில்தான் இருக்கிறது.

இந்த அறிவுக்காக நம் நாட்டவரும் சேர்ந்து வழக்காடியது நினைவுக்கு வருகிறது. வேப்ப எண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. எதிர்ப்பு எழுந்து 2000-இல் அது நீக்கப்பட்டு, 2005-இல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவே உறுதியானது. நம் வாசலில் நிற்கும் மரத்தை நாமே பயன்படுத்தாமல் விட்டால் மனம் வருந்துகிறது.

மறுமொழி 3: மருந்தாளுநர், தஞ்சாவூர்

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போரிக் பவுடர் கனிமத்திலிருந்து வருவது, கேரம் பலகையில் தூவிப் பழகியது என்பதால் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கரப்பானுக்கு அது நன்றாகவே வேலை செய்யும்: காலில் ஒட்டிய தூளை நக்கித் துடைக்கும்போது வயிற்றுக்குள் போய்க் கொல்கிறது. அதே தூளைக் குழந்தை விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு முதல் சிறுநீரகப் பாதிப்பு வரை நேரலாம். சர்க்கரையும் கோதுமை மாவும் சேர்த்து உருண்டை பிடித்து மூலைகளில் வைக்கும் முறை, தவழும் குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது. செடிகளுக்கும் போரான் மிகுந்தால் கேடு.

வசம்பைப் "பிள்ளை வளர்ப்பான்" என்று அழைத்தே பழகிவிட்டோம். விதைக்காக எடுத்து வைக்கும் பயறில் கிலோவுக்குப் பத்து கிராம் வசம்புத் தூள் கலப்பது பலன் தரும். ஆனால் சமைத்து உண்ணப்போகும் தானியத்தில் கலக்க வேண்டாம். அதில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியது தெரிந்ததால், அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. புகையிலைத் தூளையும் யாரேனும் சொல்லக்கூடும். அதில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும். அதோடு புகையிலைத் தேமல் நோய் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். எறும்புக்கென்று விற்கும் சாக்பீஸும் வெறும் சுண்ணாம்பு அன்று, பலவற்றில் டெல்டாமெத்ரின் என்னும் செயற்கை நஞ்சு கலந்திருக்கும்.

கேட்டவர்: மொட்டைமாடித் தோட்டம், மதுரை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பெயரில்லா உறையைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொட்டியின் கசிவைச் சரிசெய்ய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் வசம்பு பற்றிச் சொன்னபோது முதலில் முகம் வாடினார். விதைப் பயறுக்கு அது நல்லது என்று இங்கே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டியதும், அடுத்த ஆடிப்பட்டத்துக்கான அவரை விதையைத் தாமே எடுத்துத் தூளில் புரட்டி வைத்தார். உண்ணும் பயறை என்ன செய்வது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற பூச்சியியல் ஆசிரியர், கோவை

பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, தானியத்தோடு வீட்டுக்கு வருகிறது அம்மா. எனவே வந்தவுடன் நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவைத்து, ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். உறைபெட்டியில் இடமிருந்தால் ஒரு வாரம் வைத்து எடுத்தாலும் முட்டையும் புழுவும் அழிந்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இந்த வண்டு குறைவாகவே விழும். நம் ஊர்களில் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்துப் பருப்பாக்கி வைத்துக்கொண்டதில் அந்த நன்மையும் இருந்தது. ஏற்கெனவே ஓட்டை விழுந்த பயறைத் தனியே பிரித்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, அந்த டப்பாவைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே புதியதை நிரப்புங்கள்.