ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு: பார்த்ததை எழுதுங்கள்

புதிதாகப் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்:

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 31 பிள்ளைகள். தலைமையாசிரியரும் நானும்தான். ஒரு வகுப்புக்குப் பாடம் எடுத்தால் மற்ற வகுப்புகள் சும்மா இருக்கின்றன. மூன்றாம் வகுப்பில் நான்கு பேருக்கு வாசிக்க வரவில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் இருப்பவர்கள், பிள்ளைகளிடம் நேரில் பார்த்ததை வைத்து எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று விவரமாக எழுதுங்கள்.

ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆகவே உங்கள் நிலைமை விதிவிலக்கு இல்லை, கிராமத்தில் இதுதான் வழக்கம். "அஞ்சு வகுப்பு" என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். 1, 2, 3 ஒருவரிடம், 4, 5 இன்னொருவரிடம். அந்த மூன்று வகுப்பையும் வயதை வைத்துப் பிரிக்காமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்திருப்பதும் இதற்காகத்தான். அதற்கு முன்பு, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டையும் இருந்தன. பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை.

நீங்கள் ஒரு குழுவோடு உட்காரும்போது மற்ற இரண்டு குழுவின் கையிலும், உங்களைக் கேட்காமல் தாமே முடிக்கக்கூடிய வேலை இருக்க வேண்டும். புதுப் பாடத்தை ஒருபோதும் தனியாகச் செய்யக் கொடுக்காதீர்கள். நேற்று உங்களோடு செய்ததை இன்று தனியாகச் செய்யட்டும். இதை மாற்றிச் செய்தால் பத்து நிமிடத்துக்குள் "டீச்சர், டீச்சர்" என்று வரிசை கட்டி நிற்பார்கள், நீங்கள் நடத்தும் பாடமும் நின்றுபோகும்.

கீழ்மட்டக் கரும்பலகை இருந்தால் இரண்டடிக்கு ஒரு கோடு கிழித்து, கட்டத்துக்கு ஓர் எண் போட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டம் கொடுங்கள். எட்டுப் பேர் எழுதுவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். நோட்டில் எழுதினால் ஒவ்வொன்றாக வாங்கித் திருத்த வேண்டும், அதற்குள் மணி அடித்துவிடும். பலகை வெளுத்திருந்தால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துத் தேய்க்கலாம். ஊமத்தை இலையும் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். அது நச்சு, பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பலகை இருந்தால் காலையில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்தே தெரியாது. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைத் திருட்டு என்று நினைக்காமல் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் பார்த்தே எழுதினால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் வாசிப்பில் நீண்ட காலம் வேலை செய்தவர், திண்டுக்கல் மாவட்டம்:

அந்த நான்கு பேருக்கும் "வாசிக்க வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் வரவில்லை என்று பாருங்கள். நான்கு பேரும் நான்கு இடத்தில் நிற்பார்கள்.

ஒரு நீள அட்டையில் இந்தப் பன்னிரண்டு சொல்லையும் பெரிதாக எழுதுங்கள். படம் வரைய வேண்டாம். மரம், காகம், கிளி, மீன், குடம், பூட்டு, செடி, தேன், மழை, பொம்மை, கோழி, மௌனம். "மரம்" தவிர ஒவ்வொரு சொல்லிலும் புதிதாக ஒரே ஒரு உயிர்க்குறிதான் சேருகிறது, மற்ற குறியெல்லாம் ஏற்கெனவே வந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். எந்தச் சொல்லில் நிற்கிறதோ அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும். அகர வரிசையை மீண்டும் தலையிலிருந்து ஓதவைப்பது, ஏற்கெனவே தெரிந்ததையே சொல்லவைப்பதுதான்.

பெரும்பாலும் "செடி"யில்தான் நிற்பார்கள். அதுவரை குறியெல்லாம் எழுத்துக்கு வலப்பக்கமோ மேலேயோ கீழேயோ வந்தது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. கண் கொம்பில் நிற்கும், வாய் திறக்காது. கொம்பைத் தனியாக அட்டையில் வெட்டி, "ச" அட்டைக்கு இடப்பக்கம் பிள்ளையே கொண்டுவந்து சேர்க்கட்டும். சேர்க்கும் அதே நொடியில் "செ" என்று சொல்லட்டும். ப, த, க என்று எழுத்தை மாற்றி மாற்றி இருபது தடவை செய்தால் கை பழகிவிடும்.

அடுத்தது "பொம்மை". "பெம்மை" என்று வாசிக்கிற பிள்ளை துணைக்காலைப் பார்க்கவில்லை. "பெ... ஆ..." என்று இழுக்கிற பிள்ளை இரண்டையும் பார்க்கிறது, சேர்க்கத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு சிக்கல். "மௌனம்" என்பதை "மெளனம்" என்று ளகரத்தோடு படித்தால் கவலைப்படாதீர்கள், பெரியவர்களே தட்டச்சில் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

உகர வரிசைதான் தமிழில் உண்மையிலேயே கடினம், அதற்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம், மூன்று வீடுதான். சு, பு, யு, வு, ஙு இவற்றுக்குக் கோடு கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இவற்றுக்குச் சுற்றி வளையும். ஞு, ணு, து, நு, லு, று, னு இவை மூன்றாவது வீடு. இந்த மூன்றாவது வீட்டுக்காரர்கள் நெடிலாகும்போது கால் வாங்கிக்கொள்வார்கள்: தூ, நூ, லூ. கூ, சூ இரண்டும் எந்த வீட்டிலும் சேராதவை, அவற்றைத் தனியாகக் காட்டுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று வீடு வரைந்து, எழுத்தட்டையைக் கொண்டுபோய்ச் சரியான வீட்டில் வைக்கச் சொன்னால் முதல் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

இன்னொன்று. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிற பிள்ளையை நம்பிவிடாதீர்கள். அது மனப்பாடமாக இருக்கும். அட்டையில் சன்னல் மாதிரி ஓட்டை வெட்டி, பக்கத்தின் மேல் வைத்து, நடுவில் ஒரு சொல்லை மட்டும் காட்டுங்கள்.

கணக்குப் பயிற்றுநர், மதுரை மாவட்டம்:

52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளை ஊருக்கு ஊர் உண்டு. அது கவனக்குறைவு இல்லை. 2இல் 8 போகாது, ஆகவே 8இல் 2 எடுக்கிறது. சிறியதைப் பெரியதிலிருந்து எடுக்க வேண்டும் என்று நாம் ஒன்றாம் வகுப்பில் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறது.

தென்னை ஈர்க்குச்சியை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள், கூர்முனை வேண்டாம், கண்ணில் குத்தும். நான்கு பேருக்கு 99 குச்சி. பத்துப் பத்தாகப் பிள்ளைகளே கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் அதற்குள் பத்து இருப்பது அவர்களுக்கு வெறும் தகவல்தான். ரப்பர் பேண்ட் வெயில் காலத்தில் காய்ந்து அறுந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக நறுக்கினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

52 வைக்கச் சொல்லுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "38 எடு." எட்டு உதிரியைத் தேடும், இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் நம் முகத்தைப் பார்க்கும், பிறகு பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும், பிறகு கை தானாகக் கட்டுப் பக்கம் போகும். வளையத்தைக் கழற்றினால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. எட்டையும் மூன்று கட்டையும் எடுத்தால் ஒரு கட்டு, நான்கு உதிரி. அதன் பிறகே பலகையில் எழுத வேண்டும். "கடன் வாங்குதல்" என்று சொல்லாதீர்கள், வாங்கியதை எப்போது திருப்பித் தருவது என்று பிள்ளை குழம்பும். "கட்டைப் பிரித்தல்" என்றால் போதும்.

எண் பெயரிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. "தொண்ணூறு" என்பதில் நூறு கேட்கிறது, "தொள்ளாயிரம்" என்பதில் ஆயிரம் கேட்கிறது. 89க்குப் பிறகு பிள்ளை 100 எழுதினால் அதன் காது சரியாகத்தான் இருக்கிறது. ஒன்பது கட்டை அடுக்கி, "ஒன்பது பத்து, அதுக்குப் பேரு தொண்ணூறு" என்று சில நாள் சேர்த்தே சொல்லுங்கள். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் கேட்டபடி எழுதுவதுதான்.

சத்துணவு அமைப்பாளர், விழுப்புரம் மாவட்டம்:

கணக்கு சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தினமும் காலையில் சமையல்கூடத்துக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். அதை நான்கு, ஐந்தாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள். வந்தவர் 29, முட்டை வேண்டாதவர் 3, முட்டை எத்தனை, வாழைப்பழம் எத்தனை? தொடக்கப் பள்ளியில் ஆளுக்கு 100 கிராம் அரிசி, அப்படியானால் 2 கிலோ 900. காலை உணவுக்கு ரவை ஆளுக்கு 50 கிராம், சாம்பார் பருப்பு 15 கிராம். தராசில் நிறுத்து அவர்களே சரிபார்க்கட்டும். கிலோ, கிராம் மாற்றுவதைப் புத்தகத்தில் படித்துத் தடுமாறுகிற பிள்ளை தராசு முன்னால் சரியாகச் சொல்லும்.

உப்புமா நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மிச்சம் வைத்தால் உப்புமா கெட்டியாகிவிட்டது என்று பொருள். ரவையை வாசனை வர வறுத்து, தண்ணீர் ஒன்றுக்கு மூன்று வைத்து, நன்றாகக் கொதித்த பிறகு ஒரு கையால் தூவி மறு கையால் கிளற வேண்டும். முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் வெடிக்காது. அதற்கு முன் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை எடுத்துவிடுங்கள்.

ஓசூர், தளிப் பக்கத்து ஆசிரியை:

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். "மரம்" அட்டையைக் காட்டினால் ஒரு பிள்ளை "செட்டு" என்னும், இன்னொன்று "மர" என்னும். இரண்டும் சரியான விடைதான். தவறு என்று தலையாட்டினால் அந்தப் பிள்ளை பிறகு வாயே திறக்காது. சுவரில் மூன்று பத்தி வைத்தோம்: வீடு, இல்லு, மனெ. தண்ணீர், நீள்ளு, நீரு. பசு, ஆவு, ஹசு. எல்லாமே தமிழெழுத்தில். முதல் இரண்டு மாதம் அந்தப் பட்டியல் பிள்ளைகள் சொல்லச் சொல்ல வளர வேண்டும்.

தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:

எழுத விட்டது ஒன்று. பொங்கல் கழிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், மழைக்கு முன்புதான் திரும்பும். போகும்போது ஓர் அட்டையில் "உகர வரிசை முடிந்தது, கொம்பு தொடங்கவில்லை, 99 வரை கூட்டல் வரும்" என்று எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். சூளைப் பக்கத்துப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. அங்கே சேர்ந்தாலும் சேராவிட்டாலும், திரும்பி வரும்போது அந்த அட்டையிலிருந்து தொடங்கலாம்.

புதிதாகப் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்:

பன்னிரண்டு சொல் அட்டையை இன்று வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் "செடி", ஒருத்தி "பொம்மை". நான்காவது பையன் "மழை"யில் நின்றான். எழுதச் சொன்னால் "யானை"யில் னகரத்துக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போடுகிறான். அது என்ன?

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்:

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழுதிக் காட்டுகிறார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருந்தன. ணா, றா, னா முதலியவற்றையும் சேர்த்தால் பதின்மூன்று எழுத்து மாறியது. அடித்துவிடாதீர்கள். அவன் எழுதியதற்குப் பக்கத்திலேயே இணைக்கொம்பு போட்டு "னை" என்று எழுதி, இரண்டும் ஒன்றுதான், புத்தகத்தில் இது வரும் என்று சொல்லுங்கள். சாயங்காலம் அந்த நோட்டைத் தாத்தாவிடம் காட்டச் சொல்லுங்கள். நாளையிலிருந்து அவரே புது எழுத்தில் எழுதிக் கொடுப்பார்.