புதுப்பிப்பு: ஸ்ட்ரோலரும் கார் சீட்டும் வாங்கியாச்சு

முதல் குழந்தைக்கு ஸ்ட்ரோலர், கார் சீட் இரண்டையும் ஒரே செட்டாக வாங்கலாமா, தனித்தனியாகவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகவே வாங்கிவிட்டோம்.

காசை முதலில் கார் சீட்டில்தான் போட்டோம். ஆர்129 (குழந்தைகளின் கார் சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) முத்திரை உள்ளது. அந்த விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை குழந்தை காரின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. கார் முன்னால் மோதினால் அந்த வேகத்தைச் சீட்டின் முதுகு வாங்கிக்கொள்ளும். எங்கள் காரின் பின்சீட்டு இடுக்கில் விரலை விட்டால் கார் சீட்டை மாட்டிப் பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பிகள் தட்டுப்படுகின்றன. கார் சீட்டை அதில் தள்ளியதும் டக்கென்று பூட்டி, சீட்டில் உள்ள சிவப்பு அடையாளம் பச்சையாக மாறியது. ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் மட்டும் இப்படிப் பின்பக்கம் பார்த்து வைக்கவே கூடாது.

"மடியில வெச்சுக்கிட்டா போதாதா?" என்றார் அம்மா. பொம்மையை உட்காரவைத்துப் பட்டையை மாட்டிக் காட்டினேன். தோள்பட்டையில் கிள்ளினால் பட்டை மடியக்கூடாது என்று இப்போது அவரே என் கணவருக்குச் சொல்லித்தருகிறார்.

ஸ்ட்ரோலர் தட்டையாகப் படுக்கவைக்கிற மாதிரி, லிஃப்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தால் போதும் என்று எடுத்தோம். சென்னை நடைபாதையில் எப்படியும் பாதி தூரம் தூக்கித்தான் போகணும், அதனால் எடை குறைந்தது.