2006ல கட்டுன வீடு, ஏசி காயில் கருப்பாகி போச்சு, ட்ரைவால் (சுவருக்கும் சீலிங்குக்கும் அடிக்கிற ஜிப்சம் போர்டு) தான் காரணமா?

வைகைக்கரை:

வணக்கம். ஃப்ளோரிடால இருக்கவங்க, வீடு ரிப்பேர் லைன்ல இருக்கவங்க யாராச்சும் கொஞ்சம் பாத்து சொல்லுங்க, ரெண்டு நாளா தூக்கமே இல்ல. போன வருஷம் கடைசில ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்துல லீஹை ஏக்கர்ஸ்ல ஒரு வீடு வாங்குனோம், 2006ல கட்டுனது. ஒருத்தர் பழைய வீட்ட எடுத்து பெயின்ட் அடிச்சு புது தரை போட்டு வித்தாரு, பக்கத்து வீடுகள விட விலை கொஞ்சம் கம்மி, இன்ஸ்பெக்‌ஷன்ல கூரை, பிளம்பிங் எல்லாம் நல்லா இருக்குன்னு தான் வந்துச்சு.

போன மாசம் ஏசில குளிர் வரல. வந்தவர் எவாப்பரேட்டர் காயில் (உள்ள காத்த குளிர வெக்கிற குழாய்ச் சுருள்) லீக்னு சொல்லி கழட்டி காமிச்சார், செப்புக் குழாய் பூரா அடுப்புக்கரி பூசுன மாதிரி இருக்கு, விரல் வெச்சா கைல ஒட்டுது. ஏர் ஹேண்ட்லர், அதான் அந்த காயில் இருக்க ஏசி பெட்டி, அதோட கதவுக்கு உள்பக்கம் 2008ல ஒரு தடவை 2010ல ஒரு தடவை காயில் மாத்துனதா பேனாவால எழுதியும் இருக்கு. அவர் "இது சைனீஸ் ட்ரைவால் வீடா இருக்கலாம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போய்ட்டார்.

அப்பறம் தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. ஊருக்கு போய்ட்டு நாலு வாரம் கழிச்சு வந்து கதவ தொறந்தப்ப தீக்குச்சி கொளுத்துன மாதிரி ஒரு வாசனை. வீட்டம்மா வெள்ளிக்கிழமை விபூதி போட்டு தேச்சு வெக்கிற வெள்ளி காமாட்சி விளக்கு அடுத்த வெள்ளிக்குள்ள கருத்துப் போகுது, மதுரைல எங்கம்மா வீட்ல இருந்தப்ப அதே விளக்கு மாசக்கணக்கா பளிச்னு இருந்துச்சு. சின்னவ காலைல எந்திரிச்சா கண்ணு எரியுதுங்கறா. எப்படி உறுதி பண்றது? போர்ட மட்டும் மாத்துனா போதுமா?

கரிசல்காட்டான்:

பிரதர், அந்த ஏசிக்காரர் சும்மா சொல்லல. கேப் கோரல்ல எங்க வீடும் 2006 தான், 2009ல நாங்க இதே இடத்துல நின்னோம், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

2004ல சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன்னு ஒரே சீசன்ல நாலு புயல் ஃப்ளோரிடாவ அடிச்சுது, அடுத்த வருஷம் கத்ரீனா, வில்மா. அந்த சமயம் வீடு கட்டுறதும் உச்சத்துல இருந்துச்சு, உள்ளூர் போர்டு பத்தல, சைனாலேருந்து கப்பல் கப்பலா வந்து எறங்குச்சு. அதுல கொஞ்சத்துல தனி கந்தகம் ஜாஸ்தி. நம்ம ஊர் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தா அதுலேருந்து ஹைட்ரஜன் சல்ஃபைட், கார்பனைல் சல்ஃபைட் மாதிரி வாயு கசியும், அது செம்புல பட்டா காப்பர் சல்ஃபைடு, அந்த கரி தான் நீங்க தொட்டது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷனுக்கு 44 மாநிலத்துலேருந்து கிட்டத்தட்ட 4,000 புகார் போச்சு, அதுல பாதிக்கு மேல ஃப்ளோரிடா தான்.

இன்னைக்கே ஒண்ணு செய்ங்க. பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு, டெஸ்டர் வெச்சு கரன்ட் இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஒரு அவுட்லெட்ட கழட்டி வெளிய இழுங்க. உள்ள தோல் இல்லாம வர்ற கிரவுண்ட் கம்பிய (நம்ம ஊர்ல எர்த்னு சொல்றது) டார்ச் அடிச்சு பாருங்க. புதுக்காசு நெறமோ, பழசாகி மங்குன பழுப்போ இருந்தா பயம் இல்ல, பச்சையா இருந்தாலும் அது வேற விஷயம். கரிக்கட்டை மாதிரி இருந்தா தான் சிக்கல். அந்தக் கம்பி சுவருக்குள்ள கேபிள் உறைக்குள்ள போற எடத்துல உறைய ஒரு இஞ்ச் உரிச்சு பாருங்க, உறைக்குள்ள இருக்குறது பளிச்னும் வெளிய இருக்குறது கருப்பாவும் இருந்தா காத்து தான் அரிச்சிருக்குன்னு கண்ணுக்கு தெரியும். ஒரு ரூம் மட்டும் பாத்து நிறுத்தாதீங்க, நல்ல போர்டும் கெட்ட போர்டும் கலந்து தான் அடிச்சிருப்பாங்க. எங்க வீட்ல ஹால் சுத்தம், பெட்ரூம் ரெண்டும் மோசம்.

இன்ஸ்பெக்டர் தம்பி:

வீடு இன்ஸ்பெக்‌ஷன் தான் என் வேலை, டாம்பா பக்கம். மேல அண்ணன் சொன்னது சரி, நான் கொஞ்சம் சேத்துக்கறேன், ஏன்னா அவசரப்பட்டு சுவர உடைச்சவங்கள பாத்திருக்கேன்.

வாசனைய நம்பி முடிவு பண்ணாதீங்க சார். கிணத்துத் தண்ணி வீடுன்னா தண்ணிலயே முட்டை அழுகுன வாசனை வரும், வாட்டர் ஹீட்டருக்குள்ள இருக்க ஆனோடு ராடாலயும் வரும், ஊருக்கு போய்ட்டு வந்தப்ப பாத்ரூம் டிராப்ல, அதான் வடிகால் குழாய் வளைவுல, தண்ணி காஞ்சிருந்தா சாக்கடை வாயு ஏறி வரும். வெள்ளி விளக்கு கருக்கறதும் தனியா ஆதாரம் ஆகாது, சமையல் வாசனைலயே வெள்ளி கருக்கும். காயில் லீக்கும் அப்படித்தான், வீட்ல புழங்குற சில ரசாயனத்தால எறும்புப்புத்து மாதிரி சின்ன சின்ன ஓட்டை விழுந்து லீக் ஆகுற வகை இருக்கு, அதுல இந்த மாதிரி கரி படியாது. உங்க காயில் கருப்பு, அதான் எனக்கு கவலையா இருக்கு.

முறையா பாக்குறதுன்னா கமிஷனும் வீட்டு வசதித் துறையும் சேர்ந்து 2010ல ஒரு வழிமுறை போட்டாங்க, பின்னாடி திருத்துனாங்க. முதல்ல 2001லேருந்து 2009க்குள்ள போட்ட போர்டா இருக்கணும், கிரவுண்ட் கம்பியோ காயிலோ கருத்திருக்கணும். இது ரெண்டும் இருந்தா துணை ஆதாரம் தேடணும், 2005லயோ அதுக்கு அப்பறமோ போட்டதுன்னா ரெண்டு போதும், அதுக்கு முன்னாடின்னா நாலு. போர்டு நடுப்பகுதிய லேப்ல குடுத்து தனி கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு) தாண்டுதான்னு பாக்குறது ஒண்ணு. சுத்தமான செப்புத் தகடு ரெண்டு வாரத்துலேருந்து 30 நாள் வரைக்கும் வீட்ல வெச்சு அதுல சல்ஃபைடு படியுதான்னு பாக்குறது இன்னொண்ணு. மாடிப் பரணுக்கு போய் இன்சுலேஷன விலக்கி சீலிங் போர்டோட முதுகுல என்ன அச்சடிச்சிருக்குன்னும் பாக்கலாம். ஆனா சைனான்னு அச்சு இருந்தாலே கெட்ட போர்டுன்னு அர்த்தம் இல்ல, அச்சே இல்லாத கெட்ட போர்டும் உண்டு.

இன்னும் ஒண்ணு, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இன்னைக்கே புதுசா வாங்கி மாட்டுங்க, உள்ள இருக்க செம்பு அரிச்சிருந்தா ஆபத்து நேரத்துல அடிக்காம போகலாம். குழந்தை இருக்க வீடு, தள்ளிப் போடாதீங்க.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரியே அலாரம் மாத்திட்டேன். காலைல ஒம்போது அவுட்லெட் கழட்டுனேன். ஹால்லயும் கிச்சன்லயும் கம்பி மங்கலான செம்பு நெறம். குழந்தைங்க ரூம், மாஸ்டர் பெட்ரூம், அதுக்கு நடுவுல இருக்க நடைபாதை, அஞ்சு எடத்துல கன்னங்கரேல்னு இருக்கு. உறைய உரிச்சு பாத்தேன், உள்ள தங்கம் மாதிரி இருக்கு, வெட்டுன எடத்துலேருந்து அப்படியே ஒரு கோடு போட்ட மாதிரி கருப்பு ஆரம்பிக்குது. அத பாத்ததும் கை நடுங்கிடுச்சு. சின்னவ தலகாணிக்கு ஒரு அடி தள்ளி தான் அந்த அவுட்லெட்.

ஒருத்தர் ஓசோன் மிஷின் ஓட்டி சுவத்துக்கு தனி பெயின்ட் அடிச்சா முடிஞ்சுடும்னு சொல்றார், மூவாயிரம் டாலர் கேக்கறார்.

கரிசல்காட்டான்:

வேண்டவே வேண்டாம். அந்தக் காச குடுத்துடாதீங்க. ஓசோன் நுரையீரலுக்கே கெடுதல், பெயின்ட் முன்பக்கத்த தான் மூடும், வாயு பின்பக்கம் சுவர் இடுக்குல வந்து கம்பிய அரிச்சுக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி ஸ்பிரே, டெஸ்ட் கிட்டு விக்கிறவங்கள பத்தி அரசாங்கமே அப்ப எச்சரிக்கை விட்டுச்சு.

வழி ஒண்ணு தான், கெட்ட போர்ட மொத்தமா எடுக்கணும். எது கெட்டதுன்னு பிரிக்க முடியலன்னா எல்லாத்தையும் எடுக்குறது தான் நிம்மதி. கூடவே சுவிட்ச், அவுட்லெட், பிரேக்கர் எல்லாம் மாத்தணும், காயிலும் தான். வயரிங் விஷயத்துல கவனிங்க, 2010ல எல்லா வயரையும் புடுங்க சொன்னாங்க, அப்பறம் சாண்டியா நேஷனல் லேப்ல 40 வருஷத்துக்கு ஈடா அரிக்க வெச்சு சோதிச்சு பாத்துட்டு 2011 மார்ச்ல, வயர் இருக்கலாம், அதோட இணைப்பு எடங்கள மாத்துனா போதும்னு திருத்துனாங்க. முனைல அரிச்ச பாகத்த வெட்டிட்டு புது அவுட்லெட் போடலாம். பழைய தாள வெச்சுக்கிட்டு முழு வயரிங்னு கொட்டேஷன் குடுத்தா இத கேளுங்க. செலவு பெருசு தான், மறைக்கல, 2010ல கோர்ட்ல வந்த ஒரு தீர்ப்புலயே சதுர அடிக்கு 80 டாலருக்கு மேல கணக்கு போட்டாங்க, அது வயரிங்கையும் சேத்து.

வேலை நடக்கும்போது வீட்ல இருக்காதீங்க. போர்டு எடுத்ததும் ஆணி, ஸ்குரூ முனைல ஒட்டிட்டு இருக்க துண்டு, ஸ்டட் (போர்ட அடிக்கிற சுவர்ச் சட்டம்) மேல இருக்க தூசி எல்லாம் வேக்குவம் பண்ணி, சில நாள் காத்தாட விட்டு அப்பறம் தான் புது போர்டு அடிக்கணும். எங்க வீட்ல அவசரப்பட்டு ஒரு அலமாரிக்கு பின்னாடி ஒரு ஷீட்ட விட்டுட்டாங்க, எட்டு மாசம் கழிச்சு அந்த மூலைல கம்பி மறுபடி கருத்துச்சு. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.

மீனா ஆர்லாண்டோ:

தம்பி, நான் லா ஆஃபீஸ்ல பேப்பர் வேலை பாக்கறேன், வக்கீல் இல்ல, ஆனா இத படிச்சுட்டு சும்மா போக மனசு வரல. சுவர்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படம் புடிங்க, கழட்டுன காயில ஏசிக்காரர் குப்பைல போட்டுடாம வாங்கி வைங்க, அந்த பேனா எழுத்த தேதியோட எடுங்க. ஒவ்வொரு ரூம்லேருந்தும் ஒரு துண்டு போர்டு, ஒரு துண்டு கம்பி கவர்ல போட்டு ரூம் பேர் எழுதி வைங்க. உடைச்சதுக்கு அப்பறம் ஆதாரம் கெடைக்காது.

நியூ ஆர்லியன்ஸ் ஃபெடரல் கோர்ட்ல 2009ல ஒண்ணு சேத்த வழக்குல கம்பெனிகள் பணம் குடுத்துச்சு, அதுக்கெல்லாம் விண்ணப்பிக்கிற காலம் முடிஞ்சு போச்சு, அத நம்பி உக்காராதீங்க. வீட்டு இன்சூரன்ஸும் மாசால வர்ற சேதத்துக்கு பணம் கெடையாதுங்கற விலக்கு இருக்குன்னு சொல்லி பெரும்பாலும் மறுப்பாங்க, இருந்தாலும் எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. உங்களுக்கு இருக்க வழி வித்தவர் தான். 'இருக்குற நிலையில' வித்தேன்னு ஒப்பந்தத்துல இருந்தாலும், விலைய பாதிக்கிற, வாங்குறவர் கண்ணுக்கு தெரியாத ஒரு குறை தனக்கு தெரிஞ்சிருந்தா வித்தவர் சொல்லியே ஆகணும்னு 1985லயே ஃப்ளோரிடா சுப்ரீம் கோர்ட் ஜான்சன் - டேவிஸ் வழக்குல சொல்லிடுச்சு. அவருக்கு தெரியும்னு நீங்க காட்டணும், கஷ்டமான பகுதி அது தான். பெயின்ட் அடிச்சு தரை போட்டவர் அவுட்லெட்டும் புதுசா மாட்டிருந்தா அந்தக் கம்பிய பாத்திருப்பார் இல்லையா? கவுன்ட்டி பெர்மிட் பதிவுல ஏசி மாத்துன கணக்கு எடுங்க, உங்க ஒப்பந்தத்துல ட்ரைவாலுக்குன்னு தனி ரைடர் (ஒப்பந்தத்தோட சேக்குற இணைப்பு) போட்டாங்களான்னு பாருங்க. கட்டுமான வழக்குகளுக்கு காலக்கெடு உண்டு, இந்த வாரமே ஒரு வக்கீல பாத்துடுங்க.

பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டுங்க, வீட்ல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. வெளிய போனா கண்ணெரிச்சல் கொறையுதான்னு ஒரு நோட்ல தேதி போட்டு எழுதி வாங்க.

வைகைக்கரை:

அக்கா, அந்த அவுட்லெட் கேள்விய படிச்சுட்டு உடனே போய் பாத்தேன். அஞ்சும் புது வெள்ளை அவுட்லெட், பழைய ஹால் அவுட்லெட் மட்டும் மஞ்சளா இருக்கு. ஒரு கம்பில கருப்ப சுரண்டி எடுத்துட்டு மாட்டுன தடம் தெரியுது, கத்தி கீறல் கூட இருக்கு. டேப் அளவு வெச்சு பக்கத்துல பிடிச்சு படம் எடுத்துட்டேன்.

காயில் ஏசிக்காரர் வண்டிலயே தான் இருந்துச்சு, போய் வாங்கிட்டு வந்து கராஜ்ல வெச்சிருக்கேன். வியாழக்கிழமை வக்கீல்கிட்ட நேரம் கெடைச்சிருக்கு, லேபுக்கு போர்டு துண்டு நாளைக்கு போகுது. குழந்தைங்க ரூம காலி பண்ணிட்டு எல்லாரும் ஹால்ல பாய் விரிச்சு படுத்துக்கறோம், லேப் ரிப்போர்ட் வந்ததும் இங்க போடறேன்.