தேள் அசையாமல் கிடக்கிறது: தோல் உரிக்கிறதா, இறந்துவிட்டதா?

கேள்வி:
நான் வளர்க்கும் இளம் எம்பரர் தேள் பத்து நாட்களாக இரையைத் தொடவில்லை. வயிறு பருத்து, முதுகுத் தகடுகளுக்கு இடையே உள்ள வெளிறிய சவ்வு நன்றாகத் தெரிகிறது. நேற்றிரவு முதல் ஒருக்களித்துப் படுத்தபடி அசைவின்றிக் கிடக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டியபோது பச்சையாக ஒளிர்ந்ததால், உயிர் இருக்கிறது என்று ஆறுதல் அடைந்தேன். உணவுக்காக விட்ட இரண்டு சில்வண்டுகள் இன்னும் பெட்டிக்குள் உலவுகின்றன. தேளைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து எடுக்காதீர்கள். முதலில் அந்தச் சில்வண்டுகளை வெளியேற்றுங்கள். உரித்த உடனே தேளின் உடல் மிகவும் மென்மையாக இருப்பதால், அவை அதைக் கடித்துத் தின்றுவிடக்கூடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் தோல் உரிப்பதற்கு முந்தைய நிலையையே காட்டுகின்றன. தலைப்பகுதியின் முன்விளிம்பு பிளந்து, அந்தத் திறப்பின் வழியாகவே இடுக்கிகள், எட்டுக் கால்கள், வால் என அனைத்தையும் தேள் உருவி எடுக்க வேண்டியிருப்பதால், அந்நேரத்தில் தொந்தரவு செய்தால் கால் சிக்கி ஊனமாகிவிடும். விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒளிரும் பொருள் மேலோட்டில் இருப்பதால் இறந்த தேளும் ஒளிரும்.

பதில் 2:
என்னுடைய முதல் தேள் இறந்ததை நான் வாடையால்தான் அறிந்தேன். அதுவரை உரிக்கப் போகிறது என்றே நம்பிக் காத்திருந்தது இன்றும் வருத்தம் தருகிறது. இறந்த தேளின் வால் பெரும்பாலும் தளர்ந்து நீண்டு கிடக்கும். மெல்லிய தூரிகையால் காலைத் தொட்டாலும் எதிர்வினை இராது. ஆனால் உரிக்கப் போவதாகத் தோன்றும் தேளிடம் இந்தச் சோதனையைச் செய்யாமல், வாடை வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். நோயின் தோற்றம் வேறு. வயிறு ஒட்டிச் சுருங்கியிருந்தால் நீர்ப்பற்றாக்குறையாக இருக்கலாம். ஆழமில்லாத கிண்ணத்தில் உடனே நீர் வையுங்கள். மூட்டுகளில் வெண்புள்ளிகள் போல ஊர்பவை உண்ணிகள். ஓட்டில் கரும்புள்ளிகள் பரவினால், காற்றோட்டமின்றி ஈரம் தேங்கியதால் வந்த பூஞ்சையா என்று பாருங்கள். மண் ஈரமாக இருக்கலாம், சேறாகக் கூடாது. தேள் மூச்சுவிடும் நான்கு இணைத் துளைகளும் வயிற்றின் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சில்வண்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று அதிகாலையில் வெளிறிய உடலோடு தேள் நின்றுகொண்டிருந்தது. அருகில் வெறும் கூடாகக் கிடந்த பழைய தோல் விளக்கொளியில் பச்சையாக மின்ன, தேள் மட்டும் ஒளிரவே இல்லை. இது இயல்புதானா? எப்போது இரை கொடுக்கலாம்?

பதில் 1:
இயல்புதான். புதிய ஓடு இறுகிக் கருமையான பிறகே அது ஒளிரத் தொடங்கும். இரைக்கு ஒரு வாரம் பொறுத்திருங்கள். அதுவரை நீர் மட்டும் போதும்.